பதினைந்து பேர் போதும்

விடிவதற்கு முன்பே கரும்பு இலைச் சோகையின் ஈரம் அமராவதியின் முழங்கை வரை ஏறியிருந்தது. குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே, ராஜமாணிக்கத்தின் பண்ணையில் அது கடைசி வயல். கார்த்திகைப் புயல் சாய்த்த கரும்பு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. ஒவ்வொரு கழிக்கும் அடியைத் தேடிக் குனிந்து வெட்ட வேண்டும். அவள் வெட்ட, அவள் கணவன் ஆண்டி சோகைக்குள் கைவிட்டுக் கழியை இழுத்தான். நிமிர்ந்த கரும்பென்றால் வெட்டும் ஜோடிக்குள் இரண்டு முழ இடைவெளியாவது இருக்கும். இங்கே இருவர் மூச்சும் ஒன்றின்மேல் ஒன்று பட்டது.

இருபத்துநான்கு பேர் வெட்டிய பண்ணையில் இப்போது பதினைந்து பேர். பொழுது சாய்வதற்குள் ஒரு வயல் முடிய வேண்டும் என்ற கட்டளை மட்டும் குறையவில்லை.

ஆளைக் குறைத்தது யார் என்று கேட்டால், அமராவதிக்குத் தன்னையன்றி வேறு யாரையும் காட்டத் தெரியாது.

தை பிறந்ததும் தெருக்காரர் லூர்துசாமியின் மகள் சுவேதா வந்திருந்தாள். சிதம்பரத்தில் ஆராய்ச்சி படிப்பவள். எந்தத் தொழிலில் எத்தனை ஆளை, எவ்வளவு நேரத்தை, எவ்வளவு தண்ணீரைக் குறைக்க முடியும் என்று மதிப்பிடுவது அவளது ஆய்வு. முதலாளி அவளை ஆற்றோரத்து வயலுக்கு அழைத்துப்போனார். அங்கே கரும்பு கம்பம்போல் நின்றது. அவர்கள் தெருவிலிருந்து அவ்வளவு தூரம் படித்த முதல் பெண், கையில் கடிகாரத்தோடு வரப்பில் நின்றாள்.

“நம்ம பொண்ணுக்குப் பரீச்சைடி இது. நல்ல மார்க் வாங்கட்டும்,” என்று அமராவதிதான் மற்றவர்களை முடுக்கினாள். தண்ணீர் குடிக்கவும் நிமிராமல் வெட்டினார்கள். அந்த ஒரு நாள் வேகத்தைச் சுவேதா எல்லா வயல்களுக்கும் பொருத்தினாள். பதினைந்து பேர் போதும் என்று விடை வந்தது. ஒன்பது பேர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள்.

அவர்களில் ஒருத்தியான ரத்தினம்மாள் குழாயடியில் முகத்துக்கு நேரே சொன்னாள்: “ஓங் கத்திதாண்டி எங்க சோத்த வெட்டுச்சு.”

“சுருக்கா வெட்டு புள்ள, டிராக்டர் வந்துடும்,” என்றான் ஆண்டி. அவன் கை இன்னும் சோகைக்குள் இருந்தது. கழியென்று எண்ணிக் கத்தியை இறக்கினாள். கரும்பு முறியும் ஓசை அவளுக்குப் பழக்கம். இது அந்த ஓசை இல்லை.

கடலூர் ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் ஆண்டி, “அழுவாத. ஏங் கைதான் குறுக்க வந்துச்சு,” என்றான். அதுவரை கல்லாக நின்றவள் அதன் பிறகுதான் உடைந்து அழுதாள்.

சுவேதா ஓடிவந்தாள். “ஒரே வயல அளந்துட்டு எல்லாத்துக்கும் போட்டுட்டேன் அத்த. எந் தப்பு.”

“நாங்க மட்டும் நெசமாவா வெட்டுனோம்? ஒனக்காவ ஓடுனோம். ஒரு நாள் ஓடுறத தெனமும் ஓட முடியாதுன்னு மொதலாளிக்குத் தெரியாதா?”

அன்று மாலையே அமராவதி ஒன்பது வீட்டு வாசலிலும் போய் நின்றாள். “நாளைக்கி வயலுக்கு வாங்க. எல்லாரும் சேந்து கேப்போம்.” ரத்தினம்மாள் அவள் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

மறுநாள் விடியலில் பதினான்கு பேர் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அமராவதி கத்தி கொண்டுவரவில்லை. அதை அவளால் தொட முடியவில்லை.

ராஜமாணிக்கம் வண்டியை நிறுத்தினார். “என்ன, வெயில் காயுறீங்களா?”

“நிறுத்துன ஒம்போது பேரும் எறங்குனாத்தான் வெட்டு, ஐயா.”

“படிச்சவங்க அளந்து குடுத்தது. நானா சொன்னேன்?”

“அளந்தவ நாந்தாங்க,” என்றாள் அருகில் நின்ற சுவேதா. “தப்புன்னு காலேஜுக்கு எழுதி அனுப்பிட்டேன். இந்தச் சாஞ்ச வயல்ல திரும்ப அளக்கணும்.”

“அப்பறம் பட்டம் கெடைக்காது, பாத்துக்க.”

“கெடைக்கலன்னா போவுதுங்க.”

அவர் அமராவதி பக்கம் திரும்பிச் சிரித்தார். “அந்த ஒம்போது பேரும் ஒன்ன நம்பி வருவாங்களா? புருசங் கையவே எடுத்தவளாச்சே நீ.”

அமராவதி தலைகுனிந்தாள்.

ஈரச் சோகையை மிதிக்கும் சரசரப்பு பின்னால் கேட்டது. ரத்தினம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பேறினாள். அவள் பின்னால் எட்டுப் பேர். முதலாளியை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. அமராவதியின் தோளை முழங்காலால் இடித்தாள்.

“தள்ளி ஒக்காருடி. ஒம்போது பேரு ஒக்காரணும்ல.”