போஸ்டரில் நின்றவள்

வ.உ.சி. மைதானத்தில் கூடாரம் எழும்பி மூன்றாம் நாள். இந்த சர்க்கஸ் கம்பெனி பிறந்த ஊர் கோயமுத்தூர். இருபத்தைந்தாம் ஆண்டு விழாவை இங்கேதான் நடத்தவேண்டும் என்று முதலாளி லாரிகளை நாக்பூர்ப் பக்கமிருந்து திருப்பிக் கொண்டுவந்திருந்தார். சாயங்காலம் முதல் ஆட்டம். ஆட்டக்காரி நடக்கும் கம்பி இன்னும் தொய்ந்து கிடந்தது. காளிச்சாமி ஸ்பேனரோடு அதன் ஒரு முனை தரையில் இறங்கும் இடத்தில் குந்தியிருந்தபோது, வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் செருப்புப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“ஏனுங்க, பத்மாவதின்னு ஒரு புள்ள. போஸ்டர்ல குடை புடிச்சுட்டுக் கம்பி மேல நிக்கறா. பாக்கோணும்.”

காளிச்சாமி அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்த மூக்கு பத்மாவின் மூக்கு. அவிநாசி அரங்கசாமி, கூடாரம் கட்டுகிற தன்னைக் கட்டிக்கொண்டு மகள் போனதிலிருந்து பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லாத மாமனார்.

போஸ்டருக்கு அச்சகத்தில் பழைய படத்தின் பிளாக்கையே போட்டு அடித்துவிட்டார்கள். முதலாளிக்குத் தெரிவதற்குள் உக்கடத்திலிருந்து அவிநாசிவரை ஒட்டியாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் காளிச்சாமியும் அவளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தான்.

“உக்காருங்க” என்று மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“உக்கார வர்லீங்க. ஊரே பாக்கற செவுத்துல செருப்பில்லாம நிக்கறா. கம்பி கால அறுக்காதுங்களா? அதான் ஒரு சோடி வாங்கியாந்தேன்.”

“கம்பியில செருப்புப் போட்டா வழுக்கிப்போடுங்க.”

“எறங்குனாப் போட்டுக்கட்டும்.”

டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம், ஆட்டம் முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தான். ஆட்டம் தொடங்கினால் கம்பியில் பத்மாவுக்குப் பதில் மௌனிகா ஏறுவாள். அதைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

“மாமா, நாந்தானுங்க காளிச்சாமி. பத்மா இல்லீங்க. மஞ்சக்காமாலை வந்து போய்ச் சேந்துட்டாளுங்க. ஏழு மாசமாச்சு. காயிதம் போட்டனுங்க, திரும்பி வந்துருச்சு.”

அரங்கசாமி பெட்டியை அடுத்த கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

“அவ எழுதுனதெல்லாம் வாங்கி வெச்சிருக்கறேன். பதில்தான் போட்டதில்ல. கடேசியா வந்தது அவ கையெழுத்தில்ல. உன்றதுன்னு திருப்பியனுப்பிச்சுப்போட்டேன்.”

“அண்ணா, கம்பி ஆச்சுங்களா?” என்று திரைக்குப் பின்னாலிருந்து மௌனிகா கேட்டாள்.

காளிச்சாமி மறுபடி குந்தினான். கம்பி இறுக்கும்போதெல்லாம் பத்மா நடுவில் நின்று கையால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் போதும் என்று சொன்ன பிறகுதான் திருகிலிருந்து ஸ்பேனரை எடுப்பான்.

ஒரு சுற்றுத் திருகினான். நிமிர்ந்தபோது நாற்காலியில் பெட்டி இருந்தது. அரங்கசாமி தம் செருப்பை ஆட்ட வளையத்துக்கு வெளியே கழற்றி விட்டுவிட்டு, நடுவில் போய்க் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்திருந்தார்.

“போதுங்களா, மாமா?”

அவர் கம்பியைக் கையால் அமுக்கிப் பார்த்தார். விடவில்லை. காளிச்சாமி திருகிலிருந்து ஸ்பேனரை எடுக்காமல் குந்தியே இருந்தான்.