சும்மாதான் கூப்பிட்டேன்

கேமராவை மாட்டியது என் மகனேதான். நாலு மாதத்துக்கு முன் லீவில் வந்தவன், ஸ்டூல் மேல் ஏறி, ஹால் மூலையில் வாசல் கதவும் சமையலறையும் ஒருசேரத் தெரிகிற மாதிரி அதை முடுக்கினான். நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன். டம்ளரோடு வந்தபோது கீழே இறங்கிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். சுவர்த் தூசி விழுந்துவிட்டதாம்.

"உங்க பாதுகாப்புக்குத்தாம்மா. இதுல பேசக்கூட முடியும்."

"மூலையிலேர்ந்து குரல் வந்தா எனக்குத் தூக்கிவாரிப்போடும். நீ ஃபோன்லயே பேசு" என்றேன். நாற்பது வருஷமாக எங்கள் பாதுகாப்பை ஒரு தாழ்ப்பாள்தான் பார்த்துக்கொண்டது. அதற்கு வைஃபை தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கேமராவில் ஒரு சிவப்புப் புள்ளி ராப்பகலாக எரிகிறது. மகனிடமிருந்து மறைக்க வேண்டிய விஷயம் ஒன்று இந்த வீட்டில் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு மறதி வந்துவிட்டது.

சாதாரண மறதி இல்லை. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இப்போது அதை மட்டும்தான் சொல்கிறார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறார். ரிட்டயராகிப் பதினோரு வருஷம் ஆன பிறகு, நினைத்துக்கொண்டாற்போல் பழைய டியூட்டிச் சட்டையை மாட்டிக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்பிவிடுகிறார்.

யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். "பழகின வீடு, பழகின ஆளு. அதுதாம்மா மருந்து. இடத்தை மட்டும் மாத்திடாதீங்க" என்றார். என் மகனோ, உங்களுக்கு ஒன்று என்றால் வீட்டைப் பூட்டிக் கையோடு கூட்டிப்போய்விடுவேன் என்று ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறான். அவன் வீடு பதினாலாவது மாடியில். லிஃப்ட் திறந்தால் எல்லா மாடியும் ஒரே மாதிரி, எல்லாக் கதவும் ஒரே நிறம். இங்கே இவருக்கு மூளை மறந்தாலும் பாத்ரூமுக்குப் போகக் காலுக்கு வழி தெரியும். அங்கே போனால் மனிதர் ஒரு மாதத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடுவார். அதனால் பையனுக்குத் தெரியக்கூடாது. அவ்வளவுதான்.

அவன் எப்போது பார்க்கிறான், எப்போது பார்க்கவில்லை என்று தெரியாது. ஆகவே முழுநேரமும் நடித்தேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனால், "வாக்கிங்கா? இருங்க, நானும் வர்றேன்" என்று கேமராவுக்குக் கேட்கும்படி கத்துவேன். சாப்பிட்டு முடித்த கையோடு "சாப்பாடு ஆச்சா?" என்று இவர் கேட்டால், பெரிய ஜோக்கைக் கேட்டதுபோல் சிரிப்பேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேமரா மேல் துண்டைப் போட்டுவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் ஃபோன்.

"அம்மா, கேமரா இருட்டா இருக்கே?"

"கொடியில எடமில்லப்பா, அதான்."

காலேஜ் படிக்கிற காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை பேசு என்று அவனிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. இப்போது வேளை கெட்ட வேளையில் கூப்பிடுகிறான். "சும்மாதான்மா கூப்பிட்டேன், அடுப்புல என்ன?" என்பான். "அங்க மழையா? வாசல்ல போய்ப் பாரேன்" என்பான். ஆபீஸில் இவனுக்கு வேலையே கொடுப்பதில்லையா என்று எரிச்சல் வரும். நான் முப்பத்தொரு வருஷம் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வெளியூர் டிரங்க் கால் ஒவ்வொன்றுக்கும் நேரத்தைச் சீட்டில் எழுதிய கை சும்மா இருக்காது. இன்றைக்கும் ஃபோன் வந்தால் சமையலறைக் காலண்டரில் நேரத்தைக் குறித்துவிடுவேன். அந்தக் காலத்தில் டிப்போவிலிருந்து வரும் ஃபோன்களையும் நான்தான் இணைப்பேன். கல்யாணமே அந்த லைனில் பிறந்ததுதான். இவர் இன்னும் என்னை "ஆபரேட்டர்" என்றுதான் கூப்பிடுகிறார். பெயரை மறந்துவிட்டாரோ என்று சோதித்துப் பார்க்க எனக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீடியோ கால். ஃபோனை டீப்பாய் மேல் நிறுத்தி அதன் முன்னால் இவரை உட்காரவைத்து, நான் ஃபோனுக்குப் பின்னால் நிற்பேன். பல்லைத் தொட்டால் பேத்தியைப் பற்றிக் கேட்க வேண்டும். தலையைத் தொட்டால் மருமகள். போன ஞாயிறும் இரண்டு தடவை ஒத்திகை பார்த்தோம்.

"பாப்பாவுக்குப் பல்லு முளைச்சுதா?" என்று இவர் கணீரென்று கேட்டார். மகன் சிரித்தான். கால் முடிந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவைத் தாழிட்டு, இவரை பேப்பரோடு உட்காரவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

தலையில் ஷாம்பு போட்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை, திட்டிக்கொண்டே நைட்டியை மாட்டிக்கொண்டு ஓடி வந்தேன்.

"சும்மாதான்மா. வாசல்ல யாரோ வந்த மாதிரி இருக்கு. போய்ப் பாரு. ஓடும்மா."

கதவு திறந்து கிடந்தது. இவர் டியூட்டிச் சட்டையோடு கேட்டைத் தாண்டி ஒரு காலை ரோட்டில் வைத்துவிட்டார். ஒரு தண்ணி லாரி ஹாரனை அலறவிட்டபடி போயிற்று. கையைப் பிடித்து இழுத்தேன். "பத்து நாப்பது வண்டி லேட்டாயிடும், ஆபரேட்டர்" என்று கோபித்துக்கொண்டார். உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்துக் கதவைத் தாழிட்டேன்.

வாசலில் வேறு யாரும் வந்திருக்கவில்லை.

பீரோவில் துணிக்கு அடியில் டாக்டருக்காக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இவர் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்ன செய்தார் என்று எழுதுகிற நோட்டு. தலையில் நுரை வழிய வழிய அதை எடுத்துவந்து காலண்டருக்குப் பக்கத்தில் பிடித்தேன். செவ்வாய், பதினொன்று இருபது, பாலை அடுப்பில் வைத்துத் தீயவிட்டார். காலண்டரில் பதினொன்று இருபது. வெள்ளி, நாலு ஐந்து, கேட் வரை போனார். காலண்டரில் நாலு ஐந்து. நான் நல்லபடி சமாளித்துவிட்டதாக எழுதிவைத்த பெரும்பாலான நாட்களில் அவன் சும்மா கூப்பிட்டிருக்கிறான்.

கேமராவுக்கு நேராகப் போய் நின்றேன். இந்த நாலு மாதத்தில் அதன் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

"லைன்ல இருக்கியா?" என்றேன்.

மூலையிலிருந்து அவன் குரல் வந்தது.

"இருக்கேம்மா."

"எல்லாம் தெரியுமா?"

"ஃபோனுக்குப் பின்னாடி நின்னு நீ பல்லைத் தொடறது வரைக்கும் தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ இதைக் கழட்டிடுவேன்னு பயந்தேன்."

கழற்றியிருப்பேன். அன்றைக்கே கழற்றி ஜன்னல் வழியே வீசியிருப்பேன்.

"வீட்டைப் பூட்டப் போறியா?"

"இல்லம்மா. நானே அங்க மாத்தல் கேட்டிருக்கேன். அது கிடைக்கிற வரைக்கும் கூப்பிட்டுட்டே இருப்பேன், நீ ஃபோனை எடு."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"இதை மாட்டின அன்னிக்கு. நீ உள்ள இருந்தே. அப்பா ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு, 'ஸ்க்ரூ நல்லா டைட்டா இருக்கா தம்பி? டீ குடிச்சிட்டுப் போங்க'ன்னார்."

நுரை கண்ணில் இறங்கி எரிந்தது. அழுதேன், அதற்கும் சேர்த்து.

"யாரு ஆபரேட்டர் லைன்ல?" என்று இவர் எழுந்து வந்தார்.

"நம்ம பையன்தாங்க."

இவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, கேமராவை நிமிர்ந்து பார்த்தார். என் பக்கம் திரும்பி என் கையைக் கவனித்தார். நான் எதையும் தொடவில்லை.

"சாப்டீங்களா தம்பி?" என்றார், ரொம்ப மரியாதையாக.

"சாப்டேம்பா" என்றான் என் மகன்.