மரத்தில் தொங்கப் பழகியவர்

நஞ்சுண்டனுக்கு மான்கள் மேல் எந்தப் பகையும் கிடையாது. கோபிச்செட்டிபாளையத்துக்காரர், ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் குழாய் டிசைன் பண்ணிக் கொடுக்கும் ஆபீசில் வேலை. மனைவி வசந்தாமணியோடும் பள்ளிக்கூடம் போகும் மகள் வெண்பாவோடும் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் சொந்த வீட்டில் இருந்தார். ஃப்ரீவே ஓரத்தில் அடிபட்டுக் கிடக்கும் மானைக் காரில் போகிறபோது பார்த்து "ச்சொ" கொட்டியதுதான் அந்த இனத்தோடு அவருக்கு இருந்த பழக்கம்.

ஆனால் நவம்பர் மாதம் வந்தால் ஆபீசில் மானைத் தவிர வேறு பேச்சு இருக்காது. காற்று எந்தப் பக்கம் அடித்தது, கொம்பில் எத்தனை கிளை, யார் குறி தவறினார் என்று திங்கட்கிழமை காலை முழுக்க அதுதான். நஞ்சுண்டன் காபிக் கோப்பையோடு நின்று, எல்லாம் புரிந்தவர் மாதிரி வருடக்கணக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து சீட் லெராய்க்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். 1998-இல், வேட்டை சீசன் தொடங்குவதற்கு முன்பே, கிழக்கு டெக்சாஸில் தான் குத்தகைக்கு எடுத்திருக்கும் பைன் காட்டுக்கு இந்தத் தடவை நீயும் வா என்று கூப்பிட்டுவிட்டான். கூப்பிட்டதோடு நிற்காமல் தன் பிக்கப் வண்டியிலிருந்து ஒரு பையையும் எடுத்துக் கொடுத்தான். உள்ளே பெல்ட்டும் வாரும் கயிறும் கொக்கியுமாக ஒரு மூட்டை. அதன் பெயர் ட்ரீ சாடில்.

"சாடில்னா குதிரைக்குப் போடற சேணந்தானுங்க? இதை மரத்துக்குப் போடறதா, உங்களுக்கா?" என்று வசந்தாமணி கேட்டாள்.

தனக்குத்தான் என்று நஞ்சுண்டன் ஒப்புக்கொண்டார். இடுப்புக்கும் தொடைக்கும் வாரை மாட்டிக்கொள்ள வேண்டும். மரத்தில் திருகு ஆணிப் படிகளை முடுக்கிக்கொண்டே ஏற வேண்டும். மேலே போனதும் தலைக்கு மேல் தண்டைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, அதில் தொட்டில் பிள்ளை மாதிரி சாய்ந்து உட்கார்ந்து மானுக்குக் காத்திருக்க வேண்டும். லெராய் இதை வாங்கினானே தவிர ஒரு நாளும் மாட்டியதில்லை. அவன் அப்பா காலத்தில் கிளைகளுக்கு நடுவே அடித்த பலகை ஒன்று இருக்கிறது, அவனுக்கு அது போதும்.

வசந்தாமணி ஹூஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் எலும்பு வார்டு நர்ஸ். நவம்பரில் அந்த வார்டு எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். மரத்திலிருந்து விழுந்த ஆண்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். இடுப்பு போனவர், முதுகு போனவர், இரண்டு குதிகாலும் நொறுங்கியவர். யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான். மேலே போனதும் கயிறு மாட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன், ஏறுகிறபோதே விழுந்துவிட்டேன் என்பார்கள். அல்லது, இறங்கத்தானே போகிறோம் என்று அவிழ்த்தேன் என்பார்கள்.

"வேட்டைக்குப் போக வேண்டாம்னு நான் சொல்லலைங்க. விழ வேண்டாங்கறேன்" என்றாள். "தரையை விட்டுக் கால் எடுக்கறதுக்கு முந்தி கயிறு மாட்டணும். திரும்பத் தரைல கால் வெச்சப்பறந்தான் கழட்டணும். நடுவுல உலகமே இடிஞ்சாலும் கழட்டக் கூடாது. இதுக்குச் சரின்னா போங்க."

சரி என்றார். முதல் காரியமாக வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்கு அனுப்பினாள். இரண்டு நாள் வகுப்பில் மீசை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் பல்லுக்குக் கம்பி போட்ட வயசு. அடுத்தது வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓக் மரத்தில் பயிற்சி. முழங்கால் உயரத்துக்கு மேல் போக அனுமதி இல்லை. சனிக்கிழமைதோறும் நஞ்சுண்டன் வார்களை மாட்டிக்கொண்டு, ஏறுவதற்கென்று இருந்த கயிற்றைத் தண்டைச் சுற்றி இடுப்பில் கொக்கி போட்டு, இரண்டு படி ஏறி, தலைக்கு மேல் தொங்கு கயிற்றைத் தளர்வில்லாமல் கட்டி உட்காருவார். வெண்பா ஜன்னல் வழியாகப் பார்த்து, "டாட், யூ லுக் லைக் எ பினியாட்டா" என்று, பிறந்தநாள் விழாவில் கட்டித் தொங்கவிட்டு அடிக்கும் மிட்டாய் பொம்மையைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

மூன்றாவது சனிக்கிழமை அவர் சுகமாகச் சாய்ந்திருந்தபோது, வசந்தாமணி சொல்லாமல் கொள்ளாமல் அவர் கால் வைத்திருந்த படியைத் திருகி எடுத்துவிட்டாள். நஞ்சுண்டன் அரை வட்டம் சுழன்று, மூக்கு மரப்பட்டையில் உரச, கை கால் நாலையும் விரித்துத் தொங்கினார்.

"காட்டுல இப்படித்தான் ஆகும். இப்ப எந்திரிங்க பாக்கலாம்" என்றாள். வெறுமனே தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும், அதனால் பக்கத்தில் கட்டியிருக்கும் கயிற்று வளையத்தில் காலை விட்டு மிதித்து எழ வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தாள். அவருடைய கால் வளையத்தைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனது. அதற்குள் அடுப்பில் வைத்த குக்கர் கத்த, அதை அணைக்க அவள் உள்ளே ஓடினாள்.

பக்கவாட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு பாலசுப்ரமணியனும் அவர் மனைவி கலாவதியும் வந்தது அந்த நேரத்தில்தான். தீபாவளிக்கு ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்து விஷயமாகப் பேச வந்தவர்கள். அந்த வருடம் எண்ணெய் விலை தரையில் கிடந்தது. ஹூஸ்டனில் வாரம் ஒரு கம்பெனி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு காலத்தில், ஒரு இஞ்சினியர் தன் வீட்டு மரத்தில் கயிற்றில் தொங்கினால் யாருக்குத்தான் வேறு நினைப்பு வரும்? கலாவதி கையிலிருந்த கேசரித் தூக்கு புல்லில் விழுந்தது. பாலசுப்ரமணியன் பாய்ந்து வந்து நஞ்சுண்டனின் இரண்டு காலையும் கட்டிப் பிடித்து மேலே தூக்கினார்.

"வேலை போனா என்ன நஞ்சுண்டன்? எல்லாருக்கும் லேஆஃப் வருது. நான் ரெஸ்யூமே அனுப்பித் தர்றேன்" என்று அழுகிற குரலில் சொன்னார்.

"வேலை இருக்குங்க பாலு. காலை விடுங்க, வளையத்துல மாட்டணும்" என்றார் நஞ்சுண்டன்.

வளையம் என்ற சொல் அவர்களை இன்னும் பயமுறுத்தியது. வசந்தாமணி கரண்டியோடு வெளியே வந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி, "அவரை விடுங்கண்ணா, அவரே எந்திரிக்கட்டும்" என்று சொன்னதும் கலாவதி அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை வசந்தாமணி ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தாள். விளக்கம் சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினார்கள். ஆனாலும் கேட்டியில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அந்த வாரம் முழுக்க நஞ்சுண்டனிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டன. ஒரு வீட்டிலிருந்து பருப்புப் பொடி வந்தது. இன்னொருவர் போன் பண்ணி, பேசணும் போலிருந்தா எப்ப வேணா கூப்பிடுங்க என்றார். பேச அவருக்கு நேரமில்லை. சாயங்காலமானால் தொங்கிக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டே வளையத்தில் கால் விடும் அளவுக்குத் தேறியபிறகுதான் வசந்தாமணி போய் வர விட்டாள்.

நவம்பரில் ஒரு விடிகாலை, லெராய் அவரைக் காட்டுக்குள் கூட்டிப் போய் ஒரு பைன் மரத்தைக் காட்டினான். தன் மரம் கூப்பிடு தூரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் என்றான். மூன்று சீசனாகத் தனக்குத் தண்ணி காட்டும் ஒரு பெரிய கலைமான் இந்த வழியாகத்தான் ஓடைக்குப் போகும் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனான்.

நஞ்சுண்டன், மற்ற வேட்டைக்காரர்கள் மான் என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்கப் போடும் ஆரஞ்சுச் சட்டையைச் சரிசெய்துகொண்டு, கொக்கி மாட்டி, ஒவ்வொரு படியாக ஏறினார். துப்பாக்கி கீழேதான் இருந்தது. தோட்டா போடாமல் அதை ஒரு நூல் கயிற்றில் கட்டி, மறுமுனையை இடுப்பில் முடிந்திருந்தார். மேலே உட்கார்ந்த பிறகுதான் இழுத்துக்கொள்ள வேண்டும். உச்சிப் படிக்கு வந்து தலைக்கு மேல் கயிறு கட்டி, அது தாங்குகிறதா என்று நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறு கயிற்றைத் தளர்த்தினார். அந்த நிமிஷம் காலுக்கு அடியிலிருந்த படி மரப்பட்டையோடு பிய்த்துக்கொண்டு போனது.

அரை வட்டம், மூக்கு, மரப்பட்டை. எல்லாம் ஓக் மரத்தில் நடந்தது போலவே நடந்தது. ஒரே வித்தியாசம், இங்கே கீழே குனிந்தால் தரை எங்கோ இருந்தது. கயிறு முறுகிக்கொண்டு ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு வளையத்தைத் தேடலாம் என்று இருந்தபோது, கீழே சருகு மிதிபடும் சத்தம் கேட்டது.

லெராய் சொன்ன கலைமான்தான். அது நேராக அவர் காலடிக்கு வந்து, தரையில் கிடந்த துப்பாக்கியை முகர்ந்து பார்த்தது. பிறகு அதன் தோல் வாரில் ஊறிப் போயிருந்த அவருடைய வியர்வை உப்பை நிதானமாக நக்க ஆரம்பித்தது. நஞ்சுண்டன் மேலே தொங்கிக்கொண்டே அதன் கண்ணிமை முடியைப் பார்த்தார். காதின் உள்பக்கம் இருந்த வெள்ளை ரோமத்தைப் பார்த்தார். நல்ல காலமோ கெட்ட காலமோ, அவருடைய கால்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. மானைப் பார்ப்பதா வசந்தாமணியை நினைப்பதா என்று ஒரு கணம் திண்டாடிவிட்டு, வளையத்தில் காலை விட்டு மிதித்தார். மான் நிமிர்ந்து அவரைப் பார்த்தது. பயந்ததாகத் தெரியவில்லை. இது என்ன பழம் என்று யோசிப்பதுபோல் பார்த்துவிட்டு, மெல்ல ஓடைப் பக்கம் நடந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் லெராய் இருந்தான். மூன்று சீசன் காத்திருந்த மான் தன்னைப் பார்த்து நடந்து வந்தால் எவனால் உட்கார்ந்திருக்க முடியும்? அவன் பலகையின் மேல் எழுந்து நின்றிருக்கிறான். நஞ்சுண்டன் காதில் விழுந்தது வெடிச் சத்தமில்லை. மரம் முறிகிற சத்தம், அதற்குப் பிறகு ஒரு கனமான சாமான் விழுகிற சத்தம், அதற்கும் பிறகு பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூடாத வார்த்தைகள். கடைசியில் "நஞ்ச்!" என்ற அலறல்.

நஞ்சுண்டனின் கை தானாகவே கொக்கிக்குப் போனது. கழற்றிப் போட்டுவிட்டுச் சறுக்கி இறங்கிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. அங்கே ஒரு மனுஷன் கத்துகிறான், இங்கே கயிறு கட்டி விளையாடுவதா? பிறகு கையை எடுத்துக்கொண்டு, தளர்த்தியிருந்த ஏறு கயிற்றை மறுபடியும் இறுக்கி, மேல் கயிற்றை அவிழ்த்து, ஒரு படி, கயிற்றை இறக்கு, இன்னொரு படி என்று இறங்கினார். லெராய் கத்தினான். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று இவர் தமிழில் பதில் கத்தினார். தன் பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோதுகூட நேரம் இவ்வளவு மெதுவாகப் போனதில்லை என்று பின்னால் சொன்னார். காலடியில் மண் பட்ட பிறகுதான் கொக்கியையும் துப்பாக்கி கட்டிய நூல் கயிற்றையும் கழற்றினார். அப்புறம் ஓடினார்.

லெராய் மல்லாந்து கிடந்தான். அவனுடைய துப்பாக்கி நல்லவேளையாகக் கிளையில் சிக்கி நின்றது. வலது கால் கணுக்காலுக்கு மேல் போகக் கூடாத பக்கம் போயிருந்தது. நஞ்சுண்டன் இரண்டு குச்சிகளை ஒடித்துச் சேணத்தின் வாரால் காலை அணைத்துக் கட்டினார். செல்போனில் சிக்னல் இல்லை. லெராய் அவரைப் போல் இரண்டு மடங்கு. தூக்குவது நடக்காத காரியம். அடித்த மானை இழுத்து வர பிக்கப்பில் ஒரு கைவண்டி இருந்ததை நினைத்து, ஓடிப் போய் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் லெராயை ஏற்றி, வழக்கமாக மானைக் கட்டும் வாராலேயே கட்டி, வேர் தடுக்கும் இடத்திலெல்லாம் இருவரும் சேர்ந்து முனகிக்கொண்டு, பாதை வரைக்கும் இழுத்தார்.

பாதையில் பக்கத்துக் குத்தகைக்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். வண்டியையும் அதில் கிடந்த லெராயையும், முன்னால் இழுத்து வந்த மீசைக்காரரையும் பார்த்தார்கள். அதில் ஒருவர் தொப்பியைத் தள்ளிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, இதுதான் உங்கள் முதல் வேட்டையா என்று நஞ்சுண்டனைக் கேட்டார்.

"யெஸ் சார்" என்றார் நஞ்சுண்டன்.

லெராய் கண்ணை மூடிக்கொண்டான். அந்த இருவரும்தான் உதவி செய்து அவனைப் பிக்கப்பில் ஏற்றினார்கள். பக்கத்து ஊரில் கட்டுப் போட்டு, கம்பி வைக்க வேண்டும் என்று ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து, அறுவை சிகிச்சை முடிந்து லெராய் கண் விழித்தபோது பக்கத்தில் நின்ற நர்ஸ் வசந்தாமணி. விழும்போது உடம்பில் என்ன மாட்டியிருந்தாய் என்று அவள் எல்லோரையும் கேட்பது மாதிரிதான் கேட்டாள். தொப்பி என்று சொன்னானாம். அவள் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நஞ்சுண்டன் நடந்ததையெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அவர் கொக்கியில் கை வைத்த இடம் வந்ததும் வசந்தாமணி தோசை சுடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"கழட்டினீங்களா?"

"இல்லை மணி. ஆனா கழட்டத்தான் இருந்தேன்."

கல்லில் தோசை தீய்ந்துபோனது, அதை எடுத்துப் போட்டுவிட்டு வேறு ஊற்றினாள். பிறகு, துப்பாக்கி கையில் இருந்திருந்தால் அந்த மானைச் சுட்டிருப்பீர்களா என்று கேட்டாள். நஞ்சுண்டன் யோசித்தார். அது நாக்கை நீட்டி நக்கிய விதத்தையும் அதன் கண்ணிமையையும் பற்றி ஆபீசில் யாரிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை.

"தெரியலை. அத்தனை கிட்டத்துல பாத்துட்டேன், அதான் கஷ்டம்" என்றார்.

அடுத்த வருடமும் போனார். ஒரு நாள் முழுக்கத் தொங்கி, எறும்புக் கடியோடும் வெறும் கையோடும் வந்து, நன்றாகத் தூங்கினார்.