பால் குடித்த மூன்றாவது சிலிண்டர்

ஜனவரியில் பிள்ளை பிறக்கும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து என் கணவர் துல்குனுக்குக் கார் பைத்தியம் பிடித்துவிட்டது. அதில் நியாயம் இருந்தது. உலான்பாத்தரில் ஜனவரி விடியற்காலை என்றால் விடுகிற மூச்சு இமையிலேயே பனியாகக் கட்டும். எங்கள் கூடாரம் இருக்கும் மேட்டுக்கு எந்த டாக்சியும் ஏறாது. அந்தக் குளிரில் சாவியைத் திருப்பியதும் கிளம்புகிற வண்டி ஒன்று வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. நிறம்கூட நான் கேட்கவில்லை.

நிறத்தை என் மாமியார் பார்த்துக்கொண்டார். கார் வியாபாரி கோம்போ அண்ணனின் வேலிக்குள் நின்ற வெள்ளைக் காரைக் கண்டதும், "பால் மாதிரி இருக்கு, இதான் நம்ம வண்டி" என்று முடிவு கட்டிவிட்டார். அது ஜப்பானில் பாதி ஆயுளும் இங்கே மீதி ஆயுளும் ஓடிய கிழம். மாமியார் கையோடு பால் தூக்கையும் மரக் கரண்டியையும் கொண்டு வந்திருந்தார். புது வண்டிக்குப் பால் தெளிக்காமல் நாங்கள் ஓட்டுவதில்லை. வாங்கின பிறகு தெளிக்கலாம் அத்தை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

துல்குன் ஒரு வாரம் போனில் வீடியோ பார்த்துப் பண்டிதராகி, எஞ்சின் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். எஞ்சினைச் சூடாக்கி, நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, முதல் சிலிண்டரின் ஓட்டையில் கேஜை முடுக்கினார். நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துச் சாவியைத் திருப்பினேன். முள் நூற்றைம்பதில் நின்றது.

"புஸ்தகத்துல நூத்தி எழுபத்தஞ்சுன்னு போட்டிருக்கே" என்றார் துல்குன், சுருதி இறங்கி.

"புஸ்தகத்தைக் கடலோரத்துல உக்காந்து எழுதியிருப்பான் தம்பி. நம்ம மேட்டுல காத்தே கம்மி, எல்லா வண்டியும் குறைச்சலாத்தான் காட்டும். நாலும் ஒண்ணுபோல இருக்கான்னு மட்டும் பாரு" என்றார் கோம்போ அண்ணன்.

அது உண்மைதான். அன்று அவர் சொன்ன முதல் உண்மை. இரண்டாவதும் நான்காவதும் ஏறக்குறைய அதே அளவு காட்டின. மூன்றாவது நூற்றைந்தில் படுத்துவிட்டது.

"வால்வுல கரி பிடிச்சிருக்கும். நாலு நாள் வெரட்டி ஓட்டினா எரிஞ்சு போயிடும்."

"ரிங் தேஞ்சிருந்தா?" என்றார் துல்குன். "ஒரு ஸ்பூன் எண்ணெய் உள்ள விட்டுப் பாத்துடலாம்ணே. எண்ணெய் இடுக்கை அடைச்சு அளவு ஏறினா பிஸ்டன் ரிங் போச்சு. ஏறலேன்னா நீங்க சொல்ற வால்வு."

வால்வு என்றால் கொஞ்சம் செலவோடு போகும். ரிங் என்றால் எஞ்சினையே பிரிக்க வேண்டும், குளிரில் அது கிளம்பவும் கிளம்பாது.

"எண்ணெயா? வீட்டுல பொட்டு எண்ணெய் இல்லையேப்பா. இரு, டீ கொண்டாறேன்."

ஏழு பழைய கார் நிற்கிற வேலிக்குள் ஒரு ஸ்பூன் எண்ணெய் இல்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் உள்ளே போனார். துல்குன் கீழே விழுந்த ஸ்பானரைத் தேடி வண்டிக்கடியில் புகுந்தார். நான் இறங்கி இடுப்பை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

இந்த இடைவெளியில் மாமியார் தெளிக்க ஆரம்பித்துவிட்டார். சக்கரத்துக்கு ஆயிற்று, கண்ணாடிக்கு ஆயிற்று. திறந்திருந்த எஞ்சினிடம் வந்து, "மூணாவதுதானே நோஞ்சான்? எளைச்ச பிள்ளைக்குக் கூடக் குடுக்கணும்" என்று ஆடை மிதக்கும் பாலை அந்த ஓட்டைக்குள் கரண்டியோடு கவிழ்த்தார்.

அத்தை என்று கத்த வாயெடுத்தவள் மூடிக்கொண்டேன். எண்ணெயானால் என்ன, பாலானால் என்ன, ஈரம் ஈரம்தானே? "மூணாவதை இன்னொரு தடவை பாருங்க" என்று துல்குனைக் கூப்பிட்டேன்.

முள் நூற்று நாற்பத்தாறுக்கு ஏறியது. டீயோடு வந்த கோம்போ அண்ணன் எட்டிப் பார்த்தார். "நான் சொன்னேன்ல? வெறும் கரி. நீ சுத்தவிட்டதுலயே போயிடுச்சு."

"அம்மா கும்பிட்டது பலிச்சிடுச்சு" என்று துல்குன் பேரத்தை முடிக்கக் கை நீட்டினார்.

"கேஜைக் கழட்டுங்க. ஒரே ஒரு தடவை சாவி போட்டுக்கறேன்" என்றேன்.

போட்டேன். மூன்றாவது ஓட்டையிலிருந்து வெள்ளையாகப் பீய்ச்சியடித்தது. கோம்போ அண்ணனின் மீசை, அங்கி, டீ எதுவும் தப்பவில்லை.

"அது அத்தை விட்ட பால்" என்றேன். "ஈரம் பட்டதும் ஏறிடுச்சு. அப்ப ரிங்தான்."

அவர் மீசையைத் துடைத்தார். "பால் தெளிச்ச வண்டியை வேண்டாங்கக் கூடாதும்மா."

மாமியார் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். நான் கோம்போ அண்ணனுக்கு நேரே போய், வயிறு முன்னால் நிற்க, நின்றேன். "அண்ணே, மேலெல்லாம் பாலோட நிக்கிறீங்க. சொல்லுங்க. ஜனவரி விடியக்காலைல எனக்கு வலி எடுத்தா இது கிளம்புமா?"

பாலுக்கு முன்னால் பொய் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வராது. அவர் தன் அங்கியைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார்.

"கிளம்பாது தங்கச்சி" என்றார். டீயைக் கீழே வைத்துவிட்டு, "என் லாரி கிளம்பும். வலி எடுத்ததும் போன் பண்ணு" என்றார்.

கார் வாங்காமலே ஜனவரி வந்தது. விடியற்காலையில் வலியும் வந்தது. கோம்போ அண்ணனின் லாரி ஒரே சாவியில் கிளம்பி எங்கள் மேட்டில் ஏறி நின்றது. துல்குன் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். மாமியார் பால் தூக்கோடு ஓடி வந்தார்.

கோம்போ அண்ணன் குதித்து இறங்கி, எஞ்சினை மூடிய பானெட்டின் மேல் இரண்டு கையையும் விரித்துப் படுத்துக்கொண்டார். "சக்கரத்துக்கு மட்டும்மா" என்றார்.