இவ்வளவு நாள் விழாத மலை

குதர்க்கம் என்ற சொல்லைப் பன்னிரண்டு வருஷமாக வகுப்பில் நடத்துகிறேன். "கேட்கச் சரியாக இருக்கும், நம்பினால் கெடுத்துவிடும்" என்று கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள்.

அண்ணி மீனம்மா படித்தது மூன்றாம் வகுப்புவரைதான். ஆனாலும் நான் வாயைத் திறந்தாலே, "குதர்க்கம் பேசாதீங்க தம்பி" என்பார். திருவிழாப் பட்டிமன்றங்களில் நான் தோற்றதே கிடையாது. அந்தத் திமிர் எனக்கு.

போன வருஷ மழையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தது. அதிகாரிகள் பாடசாலையில் போய்த் தங்கச் சொன்னார்கள். அண்ணி துணிமணியைக் கட்டிவிட்டார். நான்தான் மறித்தேன்.

"நூறு வருஷமா பெய்யாத மழையா அண்ணி? ஒரு கல்லு அசைஞ்சிருக்கா? வெள்ளைக்காரன் இடம் பார்க்காமலா கட்டியிருப்பான்?"

"எனக்குப் பயமாருக்கு தம்பி" என்றார். பயமெல்லாம் ஒரு நியாயமா என்று சிரித்தேன். அவர் மூட்டையை அவிழ்த்தார்.

மறுநாள் காலை நான் மாவு வாங்க ஹட்டன் டவுனுக்குப் போயிருந்தபோது மலை இறங்கி அண்ணியை மூடியது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைத்தேன்.

பேய் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றால் முதுகுக்குப் பின்னால் ஈரச்சேலை வாடை வருகிறது. "பயமாருக்கு தம்பி" என்று கேட்கிறது. செத்தவரிடமும் வாதாடுகிறேன். மலைக்கு நானா பொறுப்பு? அதிகாரிகள் இழுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா?

லயத்து அறை வரிசையில் தப்பியது கடைசி இரண்டு காம்பராதான். அதில் ஒன்றில், கொழும்பிலிருந்து திரும்பிவந்த அண்ணி மகள் ஜீவராணி கைக்குழந்தையோடு குடியேறினாள். இந்த வருஷ மழைக்கும் இடத்தைவிட்டு எழும்பச் சொல்லிவிட்டார்கள். கூட்டிப்போக நான் போனேன்.

"வர வேண்டிய மண்ணு வந்து முடிஞ்சிருச்சு சித்தப்பா. இனி சரியிறதுக்கு அங்க என்ன இருக்கு? அவங்க வருஷா வருஷம்தான் போகச் சொல்றாங்க."

அது என் பேச்சு. நான் பத்து நியாயம் சொன்னேன். அவள் பதினொன்று சொன்னாள். குழந்தை தரையில் தூங்கியது. மேலே மண் கரைந்து, வாசலில் செந்தண்ணீர் ஓடியது.

இத்தனை நாள் அவளிடம் சொல்லி வைத்திருந்தது வேறு. அம்மாதான் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார் என்று சொல்லியிருந்தேன்.

"உங்கம்மா போகத்தான் இருந்தாங்க" என்றேன். "மூட்டை கட்டிட்டாங்க. நான்தான் பேசிப் பேசி நிப்பாட்டினேன். இப்ப நீ பேசுற மாதிரியேதான் பேசினேன்."

ஜீவராணி என்னையே பார்த்தாள்.

"அம்மா பயந்தாங்களா?"

"பயமா இருக்குன்னு சொன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிச்சேன்."

அவள் அழவில்லை. குழந்தையைத் தூக்கிப் போர்வையில் சுற்றிக்கொண்டு மழையில் இறங்கினாள். குடை பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். பாடசாலை வரைக்கும் பின்னாலேயே நடந்தேன்.

அந்தக் காம்பரா இன்னும் விழவில்லை. ஜீவராணியும் அங்கே திரும்பிப் போகவில்லை. ஊரில் எல்லோரும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது அவளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.