வாரேன் என்றால்

"போறேன்னு கத்தாதீக சார். காதுல கேட்கவே நல்லாயில்ல."

"ஷீலா மிஸ், நான் போறது தீவிரவாதி ஒளிஞ்சிருக்கிற ரூமுக்கு. வேற எப்படிச் சொல்ல?"

"எங்க வீட்ல வாசப்படி தாண்டுறப்ப யாராச்சும் போறேன்னு சொல்லிட்டா, அம்மா திரும்பக் கூப்பிட்டு உட்கார வச்சிருவாக. போயிட்டு வாரேன்னு சொல்லணும்."

"அம்புட்டையும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவன் என்னையச் சுட்டுருவான்."

"அப்ப வாரேன்னு மட்டும் சொல்லுங்க. இருக்கிற இடத்தை விட்டுக் கிளம்பினா வாரேன். என் பக்கத்துல வந்து சேர்ந்தா வந்துட்டேன். குழப்பமே வராது."

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் பேசிய பேச்சு அது. இப்போது ஐப்பசி. அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆனந்த் ஒவ்வொரு கதவையும் 'வாரேன்' என்று சொல்லித்தான் தாண்டினான்.

காரைக்குடியில் தேனப்பன் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் மரிய ஆனந்தும் ஆரோக்கிய ஷீலாவும் பாடம் எடுத்தார்கள். சனிக்கிழமை வகுப்புகள் முடிந்ததும், தேனப்பன் சென்னையிலிருந்து வாங்கி வந்த விளையாட்டு சிடி வெளியே வரும். மூன்று கம்ப்யூட்டர்களையும் கேபிளால் இணைத்து, மூவரும் ஒரே படையாக உள்ளே போவார்கள். தீவிரவாதிகள் பிடித்துவைத்திருக்கும் தூதரகம்; அங்கே ஒரு பிணைக்கைதி. மற்ற விளையாட்டுகளைப்போல் இதில் மூன்று உயிர், ஐந்து உயிர் என்று கிடையாது. ஒரு குண்டு பட்டால் முடிந்தது. தம் ஆளையே சுட்டாலும் அப்படித்தான். அந்தத் தூதரகத்தை இதுவரை அவர்களால் மீட்க முடிந்ததில்லை.

இன்று கடைசி ஆட்டம். ஆனந்துக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. சாயங்காலம் மதுரை பஸ். அவன் பெட்டி கதவோரம் நின்றது.

நாளை ஞாயிறு பூசை முடிந்ததும் கல்லலிலிருந்து ஷீலாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

'மாதாவே, அந்தப் பிணைக்கைதி உயிரோட வெளியே வந்துட்டா இன்னைக்கே ஆனந்த் சார்கிட்ட வாயத் திறந்து கேட்டுர்றேன். வரலைன்னா, கல்லல்காரருக்குக் காபி கொண்டுபோறேன்' என்று காலையில் செக்காலைக் கோயிலில் நேர்ந்துகொண்டு வந்திருந்தாள். மாதங்களாகத் தொண்டையில் நிற்கும் ஒரு வாக்கியம். அதைத் தானே சொல்லத் தைரியமில்லாமல் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்திருந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. வழக்கம்போல முதல் கதவில் ஆனந்த். அவளை அவன் முன்னால் போகவிட்டதே இல்லை. மாடிப்படியில் தேனப்பன் சுடப்பட்டார்.

"போச்சுடா!" என்று எழுந்து வந்து ஷீலாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "ஆத்தா, இங்குட்டுப் பாரு, இடதுபக்கம்..."

"அண்ணே, செத்தவுக பேசக்கூடாது. நீங்க போட்ட சட்டம்தான்."

"சட்டம் போட்டப்ப நான் உயிரோட இருந்தேனே."

ஷீலா சிரிக்கவில்லை. முன் கூடத்தில் ஒரு தூணோரம் அவள் காவல் நிற்க வேண்டும். ஆனந்த் பிணைக்கைதியைக் கூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேற வேண்டும். அதுதான் திட்டம். எதிர் மேசையில் அவன் திரை அவளுக்குத் தெரியாது. அவன் நெற்றி மட்டும் தெரிந்தது.

"ஆள் கிடைச்சிட்டாரு" என்றான் ஆனந்த். "பின்வாசல்கிட்ட இருக்கோம்."

வெளியே மழை பிடித்தது. இந்த நேரத்தில் கரண்ட் போய்விடக் கூடாதே என்று அவள் உதடு முணுமுணுத்தது. இன்னும் ஒரு கதவு. வெளியே வந்துவிட்டால் கேட்க வேண்டும். எப்படித் தொடங்குவது?

"வாரேன்!" என்று கத்தினான்.

கிளம்பிவிட்டான். பின்வாசலைத் தாண்டுகிறான். அப்படியானால் இனி இந்தக் கூடத்துக் கதவில் யார் வந்தாலும் எதிரிதான்.

கதவு படாரென்று திறந்தது. ஷீலா சுட்டாள்.

விழுந்தவனின் சட்டையில் அவர்கள் படையின் நிறம். அவள் நிமிர்வதற்குள் முதுகுப்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. அவள் திரையும் இருண்டது. 'தோல்வி' என்பதைச் சிவப்பு எழுத்து ஆங்கிலத்தில் சொன்னது.

"நீங்களா?" என்றாள். "வாரேன்னு சொன்னீகளே! வாரேன்னா கிளம்புறதுல்ல?"

"உங்க பக்கம் வாரேன்னு சொன்னேன் மிஸ். சட்டம் மறந்துருச்சு."

"வெளிய போயிருந்தா ஜெயிச்சிருக்கலாமே. எதுக்குத் திரும்பி வந்தீக?"

"ஜன்னல் வழியாப் பார்த்தேன். உங்க முதுகுக்குப் பின்னாடி ஒருத்தன் வந்துகிட்டிருந்தான்."

"பின்னாடின்னு ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம்ல தம்பி?" என்றார் தேனப்பன். "கைக்கு வந்த ஆளை அம்போன்னு விட்டுட்டா ஓடி வர்றது?"

ஆனந்த் கீபோர்டைப் பார்த்தான். "தோணலண்ணே."

"நான் செத்தா என்ன சார், விளையாட்டுதானே" என்றாள் ஷீலா.

"அப்ப அப்படித் தெரியல" என்றான் மெல்ல.

தேனப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "டீ சொல்லிட்டு வாரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். டீக்கடைப் பையன் எப்போதும் மேலே வந்து கேட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம்.

ஆனந்த் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சுருட்டினான். ஷீலா காலையில் நேர்ந்துகொண்டதை நினைத்தாள். தோற்றாகிவிட்டது. பிணைக்கைதி பின்வாசலிலேயே நிற்கிறார். மாதா பதில் சொல்லிவிட்டாள் என்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுவிட்டு ஒருவன் ஓடி வந்திருக்கிறான். அதற்கு அவள் தந்தது ஒரு குண்டு.

அவன் பெட்டியைத் தூக்கினான். கதவு வரை போய் நின்றான். ஏதோ சொல்ல வந்தவன்போல் தொண்டையைச் செருமினான்.

"வாரேன் மிஸ்."

மாதாவிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

"எந்த வாரேன் சார் அது?"

அவன் திரும்பினான்.

"கிளம்புற வாரேனா, என் பக்கம் வர்ற வாரேனா? தப்பா நினைச்சு இன்னொருக்கச் சுட என்னால முடியாது." எழுந்துகொண்டாள். "பஸ் நாளைக்கும் இருக்கு. காலையில கல்லல்காரக வர்றதுக்கு முன்னாடி, உங்க அப்பாவக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்து என்னையப் பொண்ணு கேளுங்க."