கையை எடுத்தால் நிற்கும்

1
இந்தக் கதை ஓசிச் சாப்பாட்டில் பிறந்தது. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி (இப்போது கல்யாண மண்டபம்) ரோபோ போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டது. எனக்கு மிக்சியே ஓட்டத் தெரியாது. பிரியாணி என்றார்கள், போனேன்.

2
முதல் தொடக்கம்: "மனித குலத்தின் கை விண்ணை நோக்கி நீளத் தொடங்கிய அந்தப் பொன்னாளில்—"

அடித்துவிட்டேன். அது துறைத்தலைவர் பாலசுந்தரத்தின் வரவேற்புரை. அவரே இன்னும் முடித்திருக்க மாட்டார்.

மேசையில் ஓர் இரும்புக் கை. அது தேநீர் டம்ளரைத் தூக்கி மறுமுனையில் சிந்தாமல் வைக்க வேண்டும். போட்டியிட்டவர்கள் இரண்டே மாணவர்கள். வெற்றிச்செல்வி வலது கையில் சென்சார் கையுறை போட்டிருந்தாள். அவள் கை அசைகிறபடியே அதுவும் அசையும். அஸ்லாமிடம் ஜாய்ஸ்டிக். ஜெயித்தால் சென்னையில் வேலை. அவளுக்கு அது வேண்டும். அவனுக்கு அன்றைக்கே மஸ்கட் விமானம். எதிராளி இல்லாவிட்டால் போட்டியே நடக்காது என்றுதான் வந்திருந்தான்.

"இது என் கையேதான்டா."

"மூக்கு அரிச்சா என்னா பண்ணுவ? ஜாய்ஸ்டிக்குன்னா, கைய எடுத்தா அப்புடியே நிக்கும்."

"ஒனக்குப் பொறாம."

"பொறாமயெல்லாம் இல்ல. மூக்குதான் அரிக்குது."

(இவ்வளவு நல்லவன் கதைக்கு ஆகாது. கெட்டவனாக்கிப் பார்த்தேன். அவன் சிரிப்பு விடவில்லை.)

3
அவன் ஆடி அசைந்து வைத்து முடித்தான். அடுத்து அவள். டம்ளர், மேசையோரம் உட்கார்ந்திருந்த பாலசுந்தரத்தின் பொன்னாடைக்கு* மேலே போகும்போது வாசலில் கார் ஹாரன். அஸ்லாமின் மாமா மீரான்.

"அஸ்லாமு, ஃப்ளைட்டு ஒனக்காக நிக்காது, வா!"

வாசலில் நின்று அவன் கையைத் தூக்கினான். "வெற்றி, போயிட்டு வரேன்."

அவள் வலது கை அவளிடம் இல்லை. இடது கையால் வழியனுப்புவதா? பகையாளிக்குக்கூடச் செய்ய மாட்டோம். வாயால் சொல்லலாமே என்பீர்கள். வாயைத் திறந்தால் அழுகை வரும். அழுதால் கை நடுங்கும். கையுறை அதையும் விடாது.

* அவரே வாங்கிவந்தது.

4
முடிவு அ: கையைத் தூக்குகிறாள். பொன்னாடை தேநீர் குடிக்கிறது. வேலை போகிறது.

முடிவு ஆ: டம்ளர் பத்திரமாக இறங்குகிறது. அவள் திரும்பும்போது வாசலில்—

எழுத வரவில்லை.

போன மாதம் அதே மண்டபத்தில் ஒரு கல்யாணம். மேசை இருந்த இடத்தில் பந்தி. பாயசத்தை விட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே இந்தக் கதை அஸ்லாமின் ஜாய்ஸ்டிக் ரகம். நான் கையை எடுக்கிறேன். டம்ளர் அந்தரத்தில் நிற்கிறது. தூக்கிய கையோடு அவன் நிற்கிறான். அசைப்பதென்றால் நீங்கள் அசையுங்கள்.

கார் இன்னும் கிளம்பவில்லை.